காலி இடம் பொறுக்காதவர்

காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்த்தால் அக்காவுக்குக் கை பரபரக்கும். எங்கள் அலுவலகத்தில் மதியம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். யாராவது ஒருத்தி வரவில்லை என்றால் அந்த இடைவெளியை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கீழே ஹார்ட்வேர் கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பவர், தண்ணீர் கேன் போட வந்தவர் என்று யார் கிடைத்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். ஒருமுறை மின்சார ரீடிங் எடுக்க வந்த ஆளையே கையைப் பிடித்து உட்கார்த்தி, தன் டப்பா மூடியில் சோறு வைத்துக் கொடுத்தார்.

"உக்காருங்கண்ணா. அந்த எடம் பல்லு விழுந்தாப்புல கீது. துன்னுட்டுப் போய் ரீடிங் எடுங்க."

அந்த மனிதர் கூச்சத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ரீடிங் எடுக்க மதிய நேரமாகப் பார்த்து வர ஆரம்பித்தார். நாங்கள் சிரித்தோம். அக்காவின் குணம் அப்படி என்றோம். எல்லோருக்கும் அவர் அக்காதான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கே.ஜி.கண்டிகையைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சொந்த நிலம், கிணறு, இரண்டு மாடு உள்ள குடும்பம். வேலைக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று இல்லை. "வூட்ல பகல்ல யாரும் இருக்க மாட்டாங்கோ, அந்தச் சத்தமில்லாத வூட்ல என்னால குந்த முடியாது" என்பார்.

எங்களுடையது டேட்டா என்ட்ரி வேலை. வெளிநாட்டுப் பழைய காகிதங்களைப் படம் எடுத்து ஒரு சென்னைக் கம்பெனி வழியாக அனுப்புவார்கள். படத்தில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். இருவர் அடித்ததும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாத இடம் சிவப்பாகி அக்காவின் திரைக்குப் போகும். எது சரி என்று அவர் தீர்ப்பார். ஜன்னலுக்கு வெளியே கோயில் மலைப்படிகள் தெரியும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அரோகரா சத்தம் மேலே ஏறி வரும்போது மட்டும் எங்களால் எழுத்தில் கவனம் வைக்க முடியாது. அக்கா அப்போதும் அசைய மாட்டார்.

சாந்தி என்ற பெண் கல்யாணமாகி வேலையை விட்டுப் போனாள். அவள் இடத்துக்கு மணவூரிலிருந்து நஸ்ரீன் வந்தாள். முதல் நாளே அக்கா அவளைச் சாந்தி என்று கூப்பிட்டார்.

"என் பேரு நஸ்ரீன்ங்க அக்கா."

"ஆங், இருக்கட்டுமே. வூட்ல நஸ்ரீனா இரு. இது சாந்தி சீட்டு. சீட்டுக்குப் புதுப் பேரு வெச்சா எனக்கு நாக்குல வராது."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நஸ்ரீனும் சிரித்தாள். சில வாரங்களில் சாந்தி என்றால் அவள் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். பழைய சாந்தி குழந்தை பிறந்த பிறகு எங்களைப் பார்க்க வந்தாள். அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு, "சாந்தி, வெந்நீ கொண்டா" என்றார். இரண்டு பேர் எழுந்தார்கள். அக்கா பழைய சாந்தியைப் பார்த்து, "நீ குந்து, உன்ன யாரு சொன்னா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். போகும்போது வாசலில் என் காதருகே, "என்னமோ செத்துப்போய்ட்டாப்ல இருக்குக்கா எனக்கு" என்று சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

நான் பயந்த சுபாவம். எனக்கு ஒரே பையன், கார்த்திக். அவன் வரும் பஸ் கொஞ்சம் தாமதமானாலும் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடப்பேன். போன் செய்வேன், எடுக்கவில்லை என்றால் அவன் நண்பர்களுக்குச் செய்வேன். இது தெரிந்தே அக்கா எனக்கு நிறைய உதவியிருக்கிறார். கார்த்திக் பள்ளியில் படிக்கும்போது ஒரு நாள் பெற்றோர் கூட்டம். அன்று மாலைக்குள் ஒரு தொகுதியை முடித்தாக வேண்டும் என்று சென்னையிலிருந்து நெருக்கினார்கள். என்னால் நகர முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவைக் காணவில்லை. வியர்வையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உம் புள்ள கணக்குல கொஞ்சம் வீக்காம். மிஸ்ஸு சொன்னாங்கோ. நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"அக்கா, நீங்களா போனீங்க?"

"போவாம? எல்லாப் புள்ளைக்கும் பக்கத்துல ஒரு ஆளு குந்தினு கீது. உம் புள்ள பக்கத்துல மட்டும் காலி நாற்காலியா? பாத்தா வயிறு எரியாது?"

அடுத்த கூட்டத்துக்கு நான் போனபோது அந்த ஆசிரியை, "நீங்க கார்த்திக்குக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அவருக்கும் ஒரே மகன்தான். தணிகைவேல். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு தணிகைவேல் உண்டு. இவன் உயரமாக, வாய் ஓயாமல் பேசுகிறவனாக இருந்தான். தொழிற்சாலை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. அவன் பைக் சத்தம் கேட்டால் அக்கா எங்களுக்குச் சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார். ஒரு மதியம் சோளிங்கர் சாலையில் கல் ஏற்றிய டிப்பர் லாரி அவன் பைக்கை இடித்தது. பைக்குக்குப் பெரிய சேதம் இல்லை. அவன் அங்கேயே போய்விட்டான்.

எல்லோரும் போயிருந்தோம். உடலை எடுத்துச் சென்ற பிறகு வீட்டைக் கழுவினார்கள். யாரோ அவன் கட்டிலை மடக்கித் தூக்கினார்கள். அதுவரை பேசாமல் இருந்த அக்கா, "கட்டில அங்கயே போடுங்க" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் தூக்கியவர்கள் கீழே வைத்துவிட்டார்கள்.

காரியம் முடிந்தும் அந்த வீட்டுச் சுவரில் மகன் படம் ஏறவில்லை. நான் போயிருந்தபோது அவர் கணவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதிகம் பேசாத விவசாயி. அந்த வீட்டில் மகனை நைனா என்றுதான் கொஞ்சுவார்கள். "நீயாவது சொல்லும்மா. ஒரு படம் மாட்டச் சொல்லும்மா. நைனா மூஞ்சியப் பாத்து நான் அழக்கூட வுட மாட்டேன்றா" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"செவுத்துல ஏத்திட்டா எடம் போச்சு வசந்தா. அப்பறம் கட்டில எடுன்னுவாங்கோ. பீரோல துணிய எடுன்னுவாங்கோ. எல்லாம் காலியாயிடும்."

இதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் ஸ்வீடன் வேலை வந்தது. அந்த நாட்டின் காலாட்படை ரெஜிமென்ட் ஒன்றின் வருகைப் பட்டியல்கள். பல தலைமுறைக் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், சிப்பாயின் பெயர், வயது, ஊர், கடைசியில் ஒரு குறிப்பு. பெயர்கள் எல்லாம் சின்னச் சின்னதாக இருந்தன. ஸ்டோல், ஃப்ரிஸ்க், ராஸ்க். ராஸ்க் வரும்போதெல்லாம் யாராவது "டீ எங்கடி?" என்பாள். குறிப்புப் பகுதிக்கு மட்டும் சில சொற்களின் பொருளைக் கொடுத்திருந்தார்கள். இறந்தான், ஓடிப்போனான், விலக்கப்பட்டான். இறந்தான் என்பதற்கு அவர்கள் சொல்லில் நடுவே ஓர் ஓ, அதன் தலையில் இரண்டு புள்ளி. அதனால் செத்தவர்களை நாங்கள் 'ரெண்டு புள்ளி' என்று சொல்லத் தொடங்கினோம்.

முதல் வாரத்திலேயே குழப்பம். ஒரு பட்டியலில் ஓர் எண்ணில் ராஸ்க் செத்திருப்பான். சில ஆண்டு கழித்து எடுத்த பட்டியலில் அதே எண்ணில் ராஸ்க் உயிரோடு நிற்பான். ஒருத்தி இல்லை, எல்லோருக்கும் இப்படி வந்தது.

"எல்லா ஊர்லயும் இதான் போலக்கா" என்றாள் நஸ்ரீன். "எங்க ஊர்ல ஏரி தூர் வாரினப்போ மூணு வருசம் முன்னாடி செத்துப்போன எங்க பெரியப்பா வேலைக்கு வந்தார்னு எழுதி வெச்சிருந்தாங்கோ. எவனோ அவர் பேர்ல கூலி வாங்கிகினு இருந்தான்."

அதுதான் சரியென்று எங்களுக்குத் தோன்றியது. செத்தவன் பேரில் யாரோ சம்பளம் வாங்குகிறார்கள். ஸ்வீடனிலும் ஆட்கள் நம் ஆட்கள்தான் என்று ஒரு திருப்தி. அப்படி வரும் வரிகளுக்கெல்லாம் 'சந்தேகம்' என்று குறி போட்டு அனுப்பினோம். ஒரு மூட்டை சந்தேகம் போனதும் சென்னை மேனேஜர் போனில் வந்தார். சிரித்துவிட்டு விளக்கினார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

அந்த நாட்டில் அந்தக் காலத்தில் நான்கைந்து பண்ணைக்காரர்கள் சேர்ந்து ராஜாவுக்கு ஒரு சிப்பாயைக் கொடுக்க வேண்டுமாம். அவனுக்கு ஒரு குடிசையும் கொஞ்சம் நிலமும் தருவார்களாம். தங்கள் பிள்ளைகளை அனுப்ப மனசு வராமல், நிலமில்லாத எவனையாவது பிடித்து அனுப்புவதுதான் வழக்கம். அவன் செத்தால் இன்னொருவனைப் பிடித்துவர வேண்டும். பல இடங்களில் பெயர் அந்தக் குடிசையோடு ஒட்டியது. புதிதாக வருகிறவனும் ராஸ்க்தான்.

"அவன் பொண்டாட்டி சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"புது ஆளு வந்தா அவ குடிசைய விட்டுப் போகணும். சில பேர் வந்த ஆளையே கட்டிக்குவாங்களாம்."

"அய்ய! பொண்டாட்டியும் நம்பரோட வருமா?" என்று அவள் கத்த, எல்லோரும் சிரித்தோம். பிறகு யாருக்கும் சிரிப்பு ஓடவில்லை. அந்த வாரம் எங்களுக்கு வந்திருந்தது ருஷ்யாவோடு சண்டை நடந்த காலத்துப் பட்டியல். சண்டையில் செத்தவர்கள் கொஞ்சம். முகாமில் காய்ச்சலில் செத்தவர்கள்தான் பக்கம் பக்கமாக. மேலிருந்து கீழ்வரை இரண்டு புள்ளி. அடுத்த பட்டியலில் அதே எண்கள், அதே பெயர்கள், பதினெட்டும் இருபதும் வயது போட்டு வரிசையாக நின்றன. ஒருவரும் சாகாததுபோல.

நஸ்ரீன் அடிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

அக்கா மட்டும் அந்த இரண்டு பட்டியலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ஏற்பாடுதான்" என்றார்.

"என்னக்கா நல்ல ஏற்பாடு? ஆளாளுக்குச் செத்துகினு கீறாங்கோ" என்றாள் நஸ்ரீன்.

"சாவு யார் வூட்ல இல்ல? அந்தக் குடிசைல வெளக்கு அணையல பாரு. அது எத்தினி பேருக்குக் கெடைக்கும்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மகன் போன நாளிலிருந்து அந்த முகத்தில் இல்லாமல் இருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்து பொதட்டூர்பேட்டையிலிருந்து அவர் தங்கை மகன் வந்தான். தறிச் சத்தத்தில் வளர்ந்த ஒல்லிப் பையன். இங்கேயே தங்கி வேலை தேடட்டும் என்று அழைத்து வந்ததாகச் சொன்னார். அவன் தணிகைவேலின் கட்டிலில் படுத்தான், சட்டைகளைப் போட்டுக்கொண்டான். பைக்கைச் சரிசெய்து அவன் கையில் சாவியைக் கொடுத்தார். மாலையில் கீழே அந்தப் பழைய பைக் சத்தம் கேட்டதும் அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாங்கள் அடிப்பதை நிறுத்தி அவரையே பார்த்தோம். பிறகு பழகிவிட்டோம். அவர் அவனைத் தணிகா என்று கூப்பிட்டபோது அதையும் பழகிவிட்டோம்.

அவன் அதிக நாள் இருக்கவில்லை. ஒரு காலையில் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான். அவனை நான் பிறகு பஸ்ஸில் பார்த்தேன்.

"பெரியம்மா நல்லாதான் பாத்துகிட்டாங்கோ, அத்தை. ஆனா நான் எதுனா சாப்பிடலன்னா 'உனக்கு இது புடிக்குமேடா'ன்னுவாங்கோ. எனக்குக் கத்திரிக்கா புடிக்காது. அண்ணனுக்குப் புடிக்கும். தெனிக்கும் கத்திரிக்கா. ஒரு நாளு கண்ணாடில பாத்தப்போ நான் யார்னு எனக்கே சந்தேகமாப் பூட்ச்சு."

அக்காவிடம் அவனைப் பற்றி விசாரித்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓடிப்போனான்னு போட்டுக்க" என்றார். பட்டியலில் ஒரு சிப்பாயைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

கார்த்திக் கல்லூரியில் சேர்ந்தது சோளிங்கர் போகும் வழியில். பஸ் கே.ஜி.கண்டிகை வழியாகத்தான் போகும். அக்கா வீட்டில் மாலையில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவதாக அவன் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள மாட்டான். வழியில் தெரிந்தவர் வீடு ஒன்று இருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். அவனுக்குப் பைக் வாங்கித் தர நான் சம்மதிக்கவே இல்லை. அவன் அப்பா அரக்கோணத்தில் வேலை முடித்து வரும்போதெல்லாம் இதற்காக எங்கள் வீட்டில் சண்டை.

பிறகு சின்னச் சின்னதாக மாறின. அவன் கையில் ஒரு பழைய வாட்ச். யாருடையது என்றால் "அக்கா குடுத்தாங்க" என்றான். போனில் என் குரல் கேட்டால் சலிப்பு. சனி ஞாயிறும் அங்கே. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் கத்திரிக்காய்க் குழம்பை மறுபடி ஊற்றச் சொன்னான். அவனுக்குக் கத்திரிக்காய் ஆகாது. நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நீ இனிமே அங்க போகாத கார்த்திக்."

"ஏன்?"

"அவங்க உன்ன என்னன்னு கூப்பிடறாங்க?"

"தணிகான்னுதான். கூப்ட்டா என்னம்மா இப்போ? பாவம் அவங்க. அந்த வீட்ல நான் சும்மா உக்காந்து இருந்தாலே போதும்மா. அவங்களுக்கு முகம் பூத்துடும். இங்க நான் என்ன பண்ணாலும் உனக்குப் பத்தாது. எங்க போன, யாரோட போன, ஏன் போன் எடுக்கலன்னு கேட்டுகினே இருப்ப."

மறுநாள் அலுவலகத்தில் அக்காவிடம் பேசிவிடுவது என்று போனேன். எனக்கு முன்பே அவர் என் மேஜையில் ஒரு டப்பா வைத்திருந்தார். "புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கு. நீ கவனிக்கல. கஷாயம் போட்டேன், ராத்திரிக்குக் குடு" என்றார். அவனுக்குச் சளி பிடித்தது எனக்குத் தெரியாது. நான் டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் மதியம் கார்த்திக்கின் கல்லூரி நண்பன் போன் செய்தான். "ஆண்ட்டி, கார்த்திக் பைக்ல விழுந்துட்டான். கண்டிகை கிட்ட. ஆட்டோல ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்க." அவனிடம் பைக் இல்லையே என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கிறது. அக்கா அன்று வேலைக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி ஓடினேன். அவசரப் பிரிவில் கேட்டேன். பதிவு செய்பவர் பார்த்துவிட்டு, "கார்த்திக்னு யாரும் வரலைங்களே" என்றார்.

அந்த ஒரு கணத்தை நான் மறக்கப்போவதில்லை. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தப்பான தகவல். வேறு யாரோ. வேறு யார் வீட்டுப் பிள்ளையோ. கும்பிடக்கூடக் கையைத் தூக்கிவிட்டேன்.

"காலைலேர்ந்து பைக் கேஸு ஒண்ணுதான் வந்துச்சு" என்றார் அவர். "தணிகைவேல். அவங்க அம்மா கூட இருக்காங்க. ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட்டாச்சு."

மாடிக்கு எப்படி ஏறினேன் என்று தெரியாது. வராந்தாவில் ஸ்ட்ரெச்சர். அதில் என் பிள்ளை. தலையில் கட்டு, வலது கால் துணியால் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அக்கா. புடவை மடியெல்லாம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்திருக்கிறார். தணிகைவேலின் பைக்கோடு சாலையில் கிடந்தவனைச் சுற்றி நின்று எல்லோரும் போன் செய்துகொண்டிருந்தபோது, சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்து, போகிற ஆட்டோவை மறித்துத் தூக்கிப் போட்டது அவர்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தம் போயே முடிந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

"வந்துட்டியா வசந்தா. பயப்படாத. நைனாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

நர்ஸ் ஒரு ரத்தப் பையோடு வந்தார். "தணிகைவேல் அம்மா யாரு?"

"நான்தாங்க அம்மா. இவன் பேரு கார்த்திக்" என்றேன்.

நர்ஸ் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாங்க இது, ரெண்டு பேரு, ரெண்டு அம்மாவா? ரத்தம் ஏத்தணும், வெளாடாதீங்க. யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

அக்கா அவன் தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் கத்தினேன். வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, அந்த மாதிரி வாழ்க்கையில் யாரிடமும் பேசியதில்லை, கத்தினேன்.

"உங்க புள்ள செத்துட்டான்! செத்துட்டான்! அவன் பேர எதுக்கு எம் புள்ள மேல எழுதறீங்க?"

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து, நான் உட்கார அதை என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்குத் தெரியாதா வசந்தா? நாந்தான குளிப்பாட்டினேன். அவன் செத்துட்டான். எடம் சாவலியே. தெனிக்கும் அது வாயத் தொறந்துகினு கீது. நான் இன்னா பண்ணுவேன்?"

அரை மயக்கத்தில் கார்த்திக் "அம்மா" என்று முனகினான். நாங்கள் இருவரும் குனிந்தோம். அக்கா பாதியில் நின்றுகொண்டார். முந்தானையைச் சரிசெய்தபடி படியிறங்கிப் போனார். நான் கூப்பிடவில்லை.

காலில் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் பெயர் மாற்றுவதற்கு அவன் அப்பா அலைந்தார். நான் வேலையை விட்டுவிட்டேன். கார்த்திக் நடக்கத் தொடங்க வெகு நாளாயிற்று. இப்போதும் மாடி ஏறும்போது வலது காலைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறான். அக்காவைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. ஆனால் மாலையில் அவன் சாப்பிட உட்கார்ந்தால் சில நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

போன மாதம் பஜாரில் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் பழக்கடை வாசலில் அந்தப் பைக். டேங்குக்குப் புதிதாகச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதன் மேல் பதினெட்டு வயது இருக்கலாம், ஒரு பையன். அக்கா பழக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. மற்றபடி அப்படியே இருந்தார்.

எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டான், இனி என் பிள்ளையைக் கூப்பிட மாட்டார் என்று. அது அடங்குவதற்குள் அந்தப் பையனின் கழுத்தைப் பார்த்தேன். சட்டைக் காலர் பெரிதாக இருந்தது. அவனுக்குத் தைத்த சட்டை இல்லை. ரோட்டைக் கடந்து ஓடினேன்.

"தம்பி, உன் பேரு என்னப்பா?"

அவன் அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "தணிகைவேல் ஆண்ட்டி." தமிழில் தெலுங்கு இழுத்தது.

"உங்க அம்மா நம்பர் குடுப்பா. ஒரு வார்த்த பேசணும். அவசரம்." போனைத் திறந்து நம்பர் அடிக்கத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"அம்மா இல்லீங்க ஆண்ட்டி. சின்னப்பவே போய்ட்டாங்க."

"அப்பா?"

அவன் தோளைக் குலுக்கினான்.

அக்கா பழப்பையோடு வந்தார். என்னைப் பார்த்ததில் அவருக்கு மறைக்க முடியாத சந்தோஷம். "நகரி பக்கம் சூளைல கெடந்தான் வசந்தா. சோத்துக்கு ஆளில்ல. நம்ம வூட்ல பையன் மாதிரி கீறான்." பிறகு கொஞ்சம் தயங்கி, "கார்த்திக்கு நடக்கறானா?" என்றார்.

அவர் அவனைக் கார்த்திக் என்று சொன்னார்.

"நடக்கறான்" என்றேன்.

"போதும். அது போதும்." ஒரு ஆப்பிளை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, பின்னால் ஏறிப் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "போ நைனா."

பைக் கிளம்பியது. சோளிங்கர் சாலைப் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் குவாரி லாரிகள் வரிசையாக வரும். நான் ரோட்டுக்கே இறங்கிவிட்டேன். ஒரு ஆட்டோக்காரர் திட்டினார்.

"ஹெல்மெட் போடுப்பா! டேய், ஹெல்மெட்!"

அவன் திரும்பவில்லை. அம்மாவின் நச்சரிப்புக்குப் பிள்ளைகள் செய்வதுபோல, போகிறபோக்கில் இடது கையை மட்டும் தூக்கி எனக்கு ஆட்டினான்.